பக்கம் ஒன்றுக்கு அறுநூறு ரூபாய்

மல்லாகம் கோட்டுக்கு எதிரே
போட்டோக்கொப்பிக் கடையின் பின்பாதி என்னுடையது.
ஒரு மேசை, ஒரு முத்திரை, கழுத்துத் திரும்பாத காற்றாடி.
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்
என்று பலகை சொல்லும்.
எதன்மேல் சத்தியம் என்று ஒருவரும் கேட்டதில்லை.

இன்றைக்கு ரொறன்ரோக் கடிதம்.
சிவகடாட்சம் எழுதியது, அல்லது
அவருக்காக ஒரு லோயர் எழுதியது.
அவருடைய அக்கா புனிதமலருக்கும்
ஒன்றுவிட்ட தம்பிக்கும் நடுவே
வேலி நகர்ந்திருக்கிறது,
ஒன்றரை முழம், பங்குக் கிணற்றடி வரைக்கும்.
கிளுவைக் கதியால் தன்பாட்டில் நடக்காது.
இரண்டாம் பந்தியில் சொல்கிறார்:
நான் இன்ரபியர் பண்ண விரும்பவில்லை,
இன்ரவீன் பண்ணவே எழுதுகிறேன்.

பேனாவை மூடி வைத்தேன்.

நான் தலையிட விரும்பவில்லை,
தலையிடவே எழுதுகிறேன்.
இதற்கு முத்திரை குத்தினால்
மத்தியஸ்த சபை சிரிக்கும்.

அகராதியில் இரண்டுக்கும் ஒரே தலை.
ஆங்கிலத்தில் முதல் தலை
அடுத்த வீட்டுக் கறிச்சட்டியை எட்டிப் பார்க்கிறது.
மற்றது
ஓங்கிய மண்வெட்டிக்கும் ஒருவன் பிடரிக்கும் நடுவே
வந்து நிற்கிறது.
எங்களுக்கு
மண்வெட்டி விழுந்த பிறகுதான் தெரியும்
வந்தது எந்தத் தலை என்று.

குறுக்கிட, என்று போட்டுப் பார்த்தேன்.
அது கே.கே.எஸ். வீதியில் மாடு செய்வது.
இடைமறிக்க. அது சென்றியில் நின்றவர்கள் செய்தது.
மூக்கை நுழைக்க, பொருந்தும்தான்,
கோட்டுக் கடுதாசிக்குள்
சிவகடாட்சத்தின் மூக்கை எப்படி நுழைப்பது?
பரிந்து பேச என்றால்
ஆங்கிலத்தில் அது வேறு சொல், இன்ரசீட்,
மாதாவின் வேலை.

மாதா என்றதும் ஞானசீலி வந்துவிட்டா.

அப்போது என் மேசை கச்சேரியடியில்.
அந்த வருஷம், மாசி.
மகள் வன்னிக்குள்ளே, பேரப்பிள்ளையும்.
"தலையிடச் சொல்லி எழுதும் தம்பி" என்றா.
இன்ரவீன் என்று எழுதினேன், சரியான சொல்,
பதினொரு தூதரகத்துக்கு.
பக்கக் கணக்கில் காசும் வாங்கினேன்.
ஆடியில் ஒரு பதில் வந்தது, ஒன்றே ஒன்று.
இன்னொரு நாட்டின் உள்வீட்டு விஷயத்தில்
இன்ரபியர் பண்ணுவது தங்கள் வழக்கம் இல்லையாம்.
தடித்த நல்ல தாள்.
"என்னவாம்?"
"தலையிட மாட்டினமாம்."
கொஞ்சநேரம் தாளையே பார்த்தா.
"நான் கேட்டதும் உதுதான்,
அவை இல்லையெண்டதும் உதுதானோ?"

இல்லை அம்மா, அவை வேறு வேறு சொல்,
நீங்கள் கேட்டதை அவர்கள் மறுக்கவே இல்லை,
நீங்கள் கேளாததை மறுத்திருக்கிறார்கள்
என்று நான் சொல்லவில்லை.
இரண்டு சொல்லுக்கும் இடையே இருந்த இடம்
ஓர் ஒடுங்கிய கடற்கரை.
அங்கேதான் மகள் நின்றவ.

"அண்ணை, இன்னும் அந்த ஒரு பக்கமோ?"
கடைப் பெடியன் சுதேசன் பிளேன்ரீயை வைத்துவிட்டுப் போகிறான்.
ஆறவிட்டேன்.

பிறகு எழுதினேன்:
வேலி எந்தப் பக்கம் நின்றாலும் எனக்கு ஒன்றுமில்லை.
உங்கள் இருவரையும் அடிபட விடமாட்டேன்.
அதற்கே இந்தக் கடிதம்.

அசலில் இது இல்லை.
முத்திரையைக் குத்தினேன், இரண்டு தரம்,
முதல் தரம் மை பிடிக்கவில்லை.

பின்னேரம் புனிதமலர் வந்து
நின்றபடியே வாசித்தா.
திரும்ப மேலே போய் இன்னொருக்கால் வாசித்தா.
"தம்பி இப்பிடிக் கதைக்கிற ஆளில்லையே.
இடையில ஆர் பூந்தது?"

நான் காற்றாடியைப் பார்த்தேன்.

அறுநூறை எண்ணி மேசையில் வைத்துவிட்டு
கடுதாசியை நாலாக மடித்து
கைப்பைக்குள் வைத்தா,
பைக்குள் அல்ல, பைக்குள் இருந்த
மற்றப் பைக்குள்.